விரால் தூண்டிலில் பொய் இரையைக் கட்டும் முறைகள்

கெண்டைக் குஞ்சு விட்டு வளர்க்கும் பண்ணைக் குட்டையில் விரால் புகுந்துவிட்டால் இழப்பு சிறிதல்ல. மழைக் காலத்தில் வாய்க்கால் நீரோடு விரால் வந்து சேரும். ஈரத் தரையில் ஊர்ந்தும் வரும். வந்தபின் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை நாள்தோறும் தின்று கொழுக்கும். வலை போட்டால் சேற்றுக்குள் பதுங்கும், அல்லது வலைக்கு மேலே தாவித் தப்பும்.

குஞ்சு விடுவதற்கு முன்பு என்றால் இலுப்பைப் புண்ணாக்கு இட்டு விரால், கெளுத்தி போன்றவற்றை ஒழிக்கலாம். ஒரு ஏக்கர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழ நீர் நின்றால் சுமார் 1,000 கிலோ தேவைப்படும். பத்து சென்ட் குட்டைக்கு 100 கிலோ போதும். நஞ்சு தணிய மூன்று வாரம் விட்டுப் பிறகே குஞ்சு விட வேண்டும். ஆனால் குஞ்சு விட்ட பின்பு இந்த முறை பயன்படாது. புண்ணாக்கு விராலோடு சேர்த்துக் கெண்டையையும் கொன்றுவிடும்.

அந்நிலையில் கைகொடுப்பது தூண்டில்தான். அதிலும் மண்புழுவைக் குத்திப் போட்டால் கெண்டைக் குஞ்சுகளும் முள்ளில் மாட்டிக் கொள்ளும். தவளை போலவும் சிறு மீன் போலவும் செய்து விற்கும் பொய் இரைக்கு வேட்டை மீன்கள் மட்டுமே வரும். கடைகளில் இதை 'லூர்' என்று கேட்டு வாங்கலாம். விரால் வெளியேறினால் குஞ்சு பிழைக்கும். பிடித்த விராலுக்குச் சந்தையில் கெண்டையைவிட நல்ல விலையும் உண்டு.

பொய் இரை வாங்கும் பலரும் அதன் நிறத்தையும் வடிவத்தையும் பார்க்கிறார்கள். அதை நூலில் எப்படிக் கட்டுவது என்பதைப் பார்ப்பதில்லை. இரை நன்றாக இருந்தும் விரால் தொடாமல் போவதற்கும், தொட்ட விரால் இரையோடு ஓடிவிடுவதற்கும் பெரும்பாலும் கட்டே காரணம். எந்த இரைக்கு எந்தக் கட்டு என்பதை இங்கே பார்ப்போம்.

கட்டின் இரண்டு வேலைகள்

கட்டுக்கு இரண்டு வேலைகள் உண்டு. முதலாவது, பிடி விடாமல் இருப்பது. நூலில் முடிச்சு விழும் இடமே அதன் பலவீனமான இடம். நைலான் நூலின் நடுவில் தானாக விழும் ஒற்றை முடிச்சு, நூலின் பலத்தை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்துவிடும். ஆகவே எட்டுக் கிலோ தாங்கும் நூல் என்று வாங்கினாலும், தவறாக முடிச்சிட்டால் அது நாலு கிலோ நூல்தான்.

இரண்டாவது வேலை, இரையின் அசைவைக் கெடுக்காமல் இருப்பது. பொய் இரைக்கு மணமும் இல்லை, சுவையும் இல்லை. அசைவு ஒன்றுதான் அதற்கு உயிர். பின்லாந்து நாட்டு மீனவர் லவுரி ரபாலா 1936ஆம் ஆண்டில் தக்கையைச் செதுக்கி ஒரு பொய் மீனைச் செய்தார். கூட்டத்தில் அடிபட்டுத் தள்ளாடும் மீனையே பெரிய மீன் முதலில் கவ்வுகிறது என்பதைக் கண்டு, அந்தத் தள்ளாட்டத்தைத் தம் இரைக்குக் கொடுத்தார். இன்று கடைகளில் கிடைக்கும் மீன் வடிவ இரைகள் பலவும் இந்த வழியில் வந்தவையே. இத்தகைய இரையின் மூக்கில் நூலை இறுக்கிக் கட்டினால், கழுத்தில் கயிறு இறுகிய கன்று போல அது விறைத்துக் கொண்டு வரும். விரால் அதைத் திரும்பியும் பாராது.

எனவே கட்டைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்டுக் கொள்ள வேண்டும்: இந்த இரை நீரில் எப்படி அசைய வேண்டும்?

நூலையும் பார்க்க வேண்டும்

தூண்டிலுக்கு இரண்டு வகை நூல்கள் உண்டு. ஒன்று, நரம்பு என்றும் தங்கூசி என்றும் சொல்லப்படும் ஒற்றை இழை நைலான். மற்றொன்று பல இழைகளைச் சேர்த்துப் பின்னிய பின்னல் நூல். கடைகளில் இதை 'பிரைடு' என்பார்கள்.

நரம்பு சற்று நீளும், விலை குறைவு. வெயிலில் கிடந்தால் பலம் இழக்கும். பின்னல் நூல் நீளாது. அதே தடிமனில் அதிக எடை தாங்கும். தாமரை இலை, ஆகாயத் தாமரை, கோரை நிறைந்த குட்டையில் விராலை இழுத்து வெளியேற்ற இதுவே ஏற்றது. ஆனால் இது வழுக்கும் தன்மை உடையது. நரம்பில் நன்றாக நிற்கும் சில முடிச்சுகள் பின்னல் நூலில் வழுக்கி அவிழ்ந்துவிடும். நூல் மாறினால் முடிச்சும் மாற வேண்டும்.

விராலுக்கு 0.35 முதல் 0.45 மி.மீ. வரை தடிமனுள்ள நரம்பு பொருத்தமாக இருக்கும்.

முதல் முறை: சுற்று முடிச்சு

நரம்பில் முள்ளையோ, சுழலியையோ, கொக்கியையோ கட்ட இந்த முடிச்சு போதும்.

1. நூல் நுனியை முள்ளின் காது வழியே நுழைத்து அரைச் சாண் நீளம் வெளியே இழுக்கவும்.

2. அந்த நுனியை முதன்மை நூலின் மேல் ஐந்து முறை சுற்றவும். நரம்பு 0.50 மி.மீ.க்கு மேல் தடித்திருந்தால் நாலு சுற்று போதும்.

3. காதை ஒட்டி ஒரு சிறு கண்ணி தெரியும். நுனியைத் திருப்பி அதன் வழியே நுழைக்கவும்.

4. இப்போது பக்கத்தில் ஒரு பெரிய கண்ணி உண்டாகும். நுனியை அதன் வழியாகவும் நுழைக்கவும்.

5. முடிச்சைத் தண்ணீரில் நனைத்து, முதன்மை நூலை மெல்ல இழுத்து இறுக்கவும். சுற்றுகள் சுருள் வில் போல் வரிசையாக ஒட்டி அமைய வேண்டும். ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தால் வெட்டிவிட்டு மறுபடி கட்டவும்.

நனைத்து இறுக்குவதை விடக் கூடாது. காய்ந்த நூலை வெடுக்கென்று இழுத்தால் நூலோடு நூல் உராய்ந்து சூடேறும். நைலான் அந்தச் சூட்டில் இளகிப் பலம் இழக்கும். கண்ணுக்குப் பழுது தெரியாது. மீன் இழுக்கும்போதுதான் தெரியும்.

இரண்டாம் முறை: இரட்டை நூல் முடிச்சு

பின்னல் நூலுக்கு இது நம்பகமானது. நரம்புக்கும் உதவும். இரப்பர் தவளையைக் கட்ட இதையே பயன்படுத்தலாம்.

1. நூல் நுனியை ஒரு சாண் நீளம் மடித்து இரட்டையாக்கவும். மடித்த முனையைக் காது வழியே நுழைக்கவும்.

2. அந்த இரட்டை நூலால் ஒரு சாதாரண ஒற்றை முடிச்சைத் தளர்வாகப் போடவும். இறுக்கக் கூடாது.

3. மடிப்பில் உள்ள கண்ணியை விரித்து, இரை முழுவதையும் அதன் வழியே நுழைத்து எடுக்கவும்.

4. நனைத்து, முதன்மை நூலையும் நுனியையும் சேர்த்து இழுத்து இறுக்கவும்.

கண்ணி இரையைவிட நீளமாக இருந்தால்தான் மூன்றாவது படி எளிதாகும். நூலைச் சிக்கனம் செய்யப் பார்த்து முடிச்சைக் குறுக்கினால், நூல் முறுக்கிக் கொண்டு பலம் குறையும்.

மூன்றாம் முறை: கண்ணி முடிச்சு

மீன் வடிவக் கட்டை இரைக்கும், தளதளவென்று ஆட வேண்டிய தகட்டு இரைக்கும் இது ஏற்றது. கட்டியபின் இரையின் மூக்கில் ஒரு சிறு வளையம் போல நூல் தளர்ந்து நிற்கும். இரை தன் விருப்பப்படி ஆடும்; கண்ணி இறுகாது.

1. நுனியிலிருந்து ஒரு சாண் விட்டு, நூலில் ஒற்றை முடிச்சு ஒன்றைத் தளர்வாகப் போடவும்.

2. நுனியை இரையின் காது வழியே நுழைத்து, திரும்பக் கொண்டுவந்து, அந்த ஒற்றை முடிச்சுக்குள் அது வெளிவந்த பக்கமாகவே நுழைக்கவும்.

3. முடிச்சைத் தள்ளிக் காதுக்கு அருகே கொண்டுவரவும். காதுக்கும் முடிச்சுக்கும் உள்ள தூரமே கண்ணியின் அளவு. அரை விரல்கடைக்கு மேல் வேண்டாம். பெரிதாக இருந்தால் வீசும்போது முட்கள் அதில் மாட்டிக் கொள்ளும்.

4. நுனியை முதன்மை நூலின் மேல் ஐந்து முறை சுற்றி, மீண்டும் அதே ஒற்றை முடிச்சுக்குள் முன்போலவே நுழைக்கவும்.

5. நனைத்து, முதலில் நுனியை மெல்ல இழுத்துச் சுற்றுகளை அடுக்கவும். பிறகு முதன்மை நூலை இழுத்து இறுக்கவும்.

எந்த முடிச்சானாலும், வெட்டும்போது இரண்டு மூன்று மி.மீ. நுனி விட்டு வெட்ட வேண்டும். முடிச்சை ஒட்ட வெட்டினால் சிறிது நழுவினாலும் அவிழ்ந்துவிடும்.

கொக்கி, சுழலி, வளையம்

ஒவ்வொரு முறையும் முடிச்சிட வேண்டாம் என்று பலர் பூட்டுக் கொக்கியை நாடுகிறார்கள். நூலில் இதை ஒருமுறை கட்டிவிட்டால், இரையை மாட்டிக் கழற்றலாம். ஒரே நாளில் நாலைந்து மீன் வடிவ இரைகளை மாற்றிப் பார்ப்பவர்களுக்கு இது வசதி. வளைந்த வாயுள்ள சிறு கொக்கியானால் கண்ணி முடிச்சைப் போலவே இரையை ஆடவும் விடும். ஆனால் மெல்லிய கம்பியில் செய்த மலிவுக் கொக்கி பெரிய விரால் உதறும்போது வாய் பிளந்துவிடும். வாங்கும்போதே விரலால் அழுத்தித் திறந்து பார்க்கவும். பூட்டு 'டக்' என்று விழ வேண்டும். இழுத்தால் வளையக் கூடாது.

சுழலி என்பது இரண்டு பக்கமும் தனித்தனியே சுழலும் சிறு உலோக உறுப்பு. தகடு சுற்றும் 'ஸ்பின்னர்' வகை இரைக்கு இது அவசியம். அத்தகைய இரையை இழுக்க இழுக்க நூல் முறுக்கேறும். நூலைத் தளர்த்தியதும் அது தானாகவே பின்னிச் சுருண்டால் முறுக்கு ஏறிவிட்டது என்று பொருள். இரைக்கு ஓரடி மேலே ஒரு சிறிய சுழலியைக் கட்டினால் முறுக்கு பெருமளவு குறையும்.

சுழலி நல்லது என்று எல்லா இரைக்கும் மாட்டுவது தவறு. தவளை இரையின் முட்கள் அதன் உடலோடு ஒட்டி மேல்நோக்கி இருப்பதால்தான் அது களைகளின் மேல் மாட்டாமல் வழுக்கி வருகிறது. அதன் மூக்கில் சுழலியும் கொக்கியும் தொங்கினால் ஒவ்வொரு இழுப்புக்கும் பாசியை வாரிக் கொண்டு வரும். எடையால் மூக்கு தாழ்ந்து, மிதக்கும் நிலையும் கெடும். தவளை இரையை நூலில் நேராகக் கட்டுவதே சரி.

சில இரைகளின் மூக்கில் சாவி வளையம் போன்ற இரட்டைச் சுற்று வளையம் இருக்கும். அதில் நூலை நேரே கட்டினால் கவனம் தேவை. வளையக் கம்பியின் வெட்டுமுனை இருக்கும் இடைவெளியில் நூல் நழுவிச் சென்று அறுபடும். முடிச்சை அந்த இடத்திலிருந்து விலக்கி வைக்கவும். அல்லது வளையத்தில் கொக்கியை மாட்டவும்.

வாளை மீன் உள்ள ஏரி, ஆற்று மடுக்களில் மற்றொரு கவனம் வேண்டும். அதன் வாய் நிறையக் கூர்மையான சிறு பற்கள் உண்டு. நூல் அந்தப் பற்களில் உரசினால் அறும். இரைக்கு முன்னால் அரையடி நீளத்துக்கு மெல்லிய கம்பித் துண்டு வைத்துக் கட்டுவது பாதுகாப்பு. விராலுக்கு மட்டும் என்றால் கம்பி தேவையில்லை. தடித்த நரம்பே போதும்.

காது இல்லாத முள்

பொய் இரை கிடைக்காதவர்கள் ஒற்றை முள்ளில் உயிர்த் தவளையையோ சிறு மீனையோ கோத்துப் போடுவது உண்டு. சில முட்களுக்குக் காது இராது. தண்டின் முனை தட்டையாக அடிக்கப்பட்டிருக்கும். இதற்கு முடிச்சு வேறு. நூல் நுனியை மடித்து ஒரு கண்ணியாக்கித் தண்டின்மேல் படுக்க வைக்கவும். நுனியால் தண்டையும் கண்ணியையும் சேர்த்து ஏழு சுற்றுச் சுற்றவும். நுனியைக் கண்ணிக்குள் விட்டு, நனைத்து, முதன்மை நூலை இழுத்து இறுக்கவும். சுற்றுகளைத் தட்டை முனைக்கு அருகே நகர்த்தவும். முதன்மை நூல் தட்டையின் உள்பக்கமாக, அதாவது முள்ளின் கூர் இருக்கும் பக்கமாக வெளிவர வேண்டும். வெளிப்பக்கமாக வந்தால் தட்டை விளிம்பு நூலை அரித்துவிடும்.

வாளி கொண்டு சோதிக்கலாம்

முடிச்சு சரியா என்பதை விராலிடம் சோதிக்க வேண்டாம், வீட்டிலேயே சோதிக்கலாம். பழைய முள் ஒன்றை மரக்கிளையில் உறுதியாக மாட்டி, அதில் முடிச்சிடவும். நூலின் மறுமுனையைப் பிளாஸ்டிக் வாளியின் பிடியில் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றிக் கட்டவும். வாளி தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் தொங்கட்டும். பிறகு செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்றவும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. நூலின் அட்டையில் எட்டுக் கிலோ என்று எழுதியிருந்தால், குறைந்தது ஆறு லிட்டர் வரையாவது முடிச்சு தாங்க வேண்டும். முகத்தைக் கிட்டே வைக்கக் கூடாது; வாளிக்கு அடியில் கால் வைக்கக் கூடாது. குழந்தைகளைத் தள்ளி நிறுத்தவும்.

அறுந்த நுனியைப் பார்த்தால் காரணம் தெரியும். நுனி பன்றி வால் போலச் சுருண்டிருந்தால் முடிச்சு நழுவி அவிழ்ந்திருக்கிறது; சுற்று போதவில்லை, அல்லது முழுதாக இறுக்கவில்லை. நறுக்கென்று வெட்டியது போல் இருந்தால் வளையத்தின் முனையோ, மீனின் பல்லோ அறுத்திருக்கும். சொரசொரவென்று நார் கிளம்பியிருந்தால் நூல் கல்லிலும் கட்டையிலும் உரசித் தேய்ந்திருக்கிறது.

குட்டைக்குப் போனபின், ஒவ்வொரு பெரிய மீனைப் பிடித்த பிறகும், ஒவ்வொரு முறை கட்டையில் மாட்டி இழுத்த பிறகும், முடிச்சுக்கு மேலே ஒரு முழ நூலை விரல்களுக்கு இடையே விட்டு உருவிப் பார்க்கவும். சொரசொரப்புத் தட்டினால் அந்த முழத்தை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகக் கட்டவும். ஒரு முழ நரம்பின் விலை சில காசுகள்; ஒரு பொய் இரையின் விலை அதைப் போலப் பல நூறு மடங்கு.

அறுந்தால் யாருக்கு ஆபத்து?

முடிச்சு அவிழ்ந்தால் போவது இரையும் மீனும் மட்டுமல்ல. இரண்டு மூன்று முட்களோடு அந்த இரை உங்கள் குட்டையிலேயே கிடக்கும். நாளை சேற்றில் இறங்கும் உங்கள் காலிலோ, தண்ணீர் குடிக்க வரும் எருமையின் காலிலோ அது ஏறலாம். நைலான் மக்குவதில்லை. கரையில் விட்ட நூல் துண்டு புல்லோடு மாட்டின் வயிற்றுக்குள் போகும். கொக்கு, நாரை கால்களில் சுற்றிக் கொள்ளும். வெட்டிய துண்டுகளை ஒரு புட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வரவும்.

முனைக்கு உள்பக்கம் இருக்கும் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிடுவது நல்லது. நூலைத் தளரவிடாமல் இழுத்தால் விரால் தப்பாது. கையில் குத்தினாலும் முள் எளிதில் வெளிவரும். எதிர்முள் உள்ள முள் சதைக்குள் இறங்கிவிட்டால் பின்னோக்கிப் பிடுங்கக் கூடாது, சதை கிழியும். நூலை வெட்டிவிட்டு மருத்துவமனைக்குச் சென்று எடுத்துக் கொள்ளவும். தனுர்வாத ஊசி பற்றியும் மருத்துவரிடம் கேட்கவும்.

குட்டைக்கு மேலே மின்கம்பி சென்றால் அந்தப் பக்கம் தூண்டில் வீசவே கூடாது. இப்போது விற்கும் கார்பன் கம்புகள் மின்சாரத்தைக் கடத்தும்.

உங்கள் சொந்தக் குட்டைக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஊர் ஏரியானால் குத்தகைதாரரின் அனுமதி பெற்றே தூண்டில் போட வேண்டும். அங்கே செந்நிறக் குஞ்சுக் கூட்டம் நீர்மட்டத்தில் பந்து போலத் திரண்டு வந்தால், அதன் அடியில் தாய் தந்தை விரால் காவல் இருக்கும். அந்த நேரத்தில் இரையை எறிந்தால் அவை கோபத்தில் கவ்வும், பிடிப்பதும் எளிது. ஆனால் காவல் போனபின் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகும்; ஏரியில் விரால் அருகும். கெண்டை வளர்க்கும் குட்டையில் விரால் களை. ஏரியில் அது செல்வம்.

சுருக்கமாக

இரப்பர் தவளைக்கு இரட்டை நூல் முடிச்சு. இடையில் கொக்கியோ சுழலியோ வேண்டாம். மீன் வடிவ இரைக்கும் ஆடும் தகட்டுக்கும் கண்ணி முடிச்சு, அல்லது சிறிய பூட்டுக் கொக்கி. சுற்றும் தகட்டுக்கு ஓரடி மேலே சுழலி. நரம்பில் சாதாரண முள்ளுக்குச் சுற்று முடிச்சு. காது இல்லாத முள்ளுக்குத் தண்டில் சுற்றும் கட்டு. எல்லாவற்றுக்கும் பொது விதி: நனைத்து இறுக்கு, இழுத்துப் பார், பிறகு வீசு.

மூன்று முடிச்சுகளையும் ஒரு மாலைப் பொழுதில் திண்ணையில் உட்கார்ந்து பழகிவிடலாம். முதலில் மெல்லிய கயிற்றிலும் சாவி வளையத்திலும் போட்டுப் பழகி, கை பழகிய பிறகு நரம்புக்கு மாறவும். விடியற்காலையிலும் பொழுது சாயும் வேளையிலும் களை ஓரமாக வீசினால் விரால் வரும். குட்டையின் நீர்வரத்து வாயில் நெருக்கமான கண்ணியுள்ள வலையைக் கட்டிப் புதிய விரால் நுழைவதையும் தடுத்துவிட்டால், விட்ட குஞ்சுகள் வளர்ந்து முழுப் பலன் தரும்.